பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் வாசல்

1. ஒரே ஒரு சொல்

இந்த வேலைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் தெரிந்தால் போதும் என்று முதல் நாள் ஹெலன் சொன்னார். அந்தச் சொல் ‘பிரேக்’.

ஹெலன் எங்கள் அலுவலகத்தின் சட்டத்தரணி, அதாவது வக்கீல். இந்த நாட்டில் அகதியாகப் பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும் சின்ன இடம் அது. ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு தோசைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நான் அங்கே வேன் ஓட்டுநராகத்தான் சேர்ந்தேன். அதற்கு முன் ஹரிஸ் பார்க்கில் ஒரு உணவகத்தின் குசினியில் சட்டி பானை கழுவினேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய ஆண்டில் ஊரை விட்டு ஓடினோம். பிறகு பள்ளிக்கூடம் இருந்த பக்கம் திரும்பவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கழுவுகிற வேலையும் ஓட்டுகிற வேலையும் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். இரண்டிலும் ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கலாம்.

விண்ணப்பித்தவர் பிள்ளையாக இருந்தால் இன்டர்வியூ அறையில் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரிய ஆள் ஒருவர் இருப்பார். அவர் சொந்தக்காரராகவும் இருக்கக்கூடாது, சட்டத்தரணியாகவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் அலுவலகத்தின் வழக்கம். சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசும். பிள்ளைக்குத் துணையாக இருக்கும் அந்த ஆளுக்கு சப்போர்ட் பெர்சன் என்று பெயர். முன்பு அதைச் செய்துகொண்டிருந்தவர் மெல்பேர்னுக்குக் குடிபோய்விட்டார். எப்படியும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற நானே உள்ளே போய் இருக்கலாமே என்று ஹெலன் கேட்டார். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான பொலிஸ் செக் எனக்கு ஏற்கெனவே இருந்தது. நான் மாட்டேன் என்றேன். எனக்குப் பேச வராது என்றேன்.

“அதனால்தான் கேட்கிறேன்” என்றார். “அங்கே நீங்கள் பேசவே கூடாது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. பிள்ளை களைத்துப் போனால் மட்டும் ‘பிரேக்’ என்று சொல்லுங்கள். அவர்கள் உடனே நிறுத்தி இடைவேளை விடுவார்கள்.”

எனக்கென்றே செய்த வேலைபோல இருந்தது. அப்படித்தான் அதற்குள் போனேன்.

பல வருடமாகி விட்டது. இப்போது எங்களிடம் புதிதாகச் சில இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். எழுதித் தாருங்கள் அண்ணை என்று அவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். வேனில் பிஸ்கட்டும் தண்ணீரும் வையுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், பயத்தில் இருக்கிற பிள்ளை வாந்தி எடுக்கும். ‘பயப்படாதே’ என்று சொல்லாதீர்கள். அதுவரை பயப்படாத பிள்ளையும் அதைக் கேட்டால் பயப்படும். கட்டடத்துக்குள் போனவுடன் டொய்லெட் எங்கே என்று காட்டுங்கள். பிள்ளை உங்களிடம் கதை சொன்னால் கேளுங்கள், ஆனால் கேள்வி கேட்காதீர்கள். கேள்வி கேட்பதற்கென்று உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அது சின்ன விஷயம்போலத்தான் தோன்றும். அதைச் சொல்ல எனக்குக் கஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2. வேனில் பாடமாக்கின கதை

கஜனுக்கு அப்போது பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு கல்யாணத்துக்கென்று விசிட் விசாவில் வந்தவன். கூட்டி வந்தவர் அவனுடைய பெரியம்மா சுகந்தி. அவர் துங்காபியில் பல வருடமாக இருக்கிறார், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, கணவர் இறந்துவிட்டார். கஜனின் தாய் அவருடைய தங்கை, அவரும் இறந்துவிட்டார். தகப்பன் ஊரில் இருந்தார். கல்யாணம் முடிந்து விசாவும் முடியப் போகும் நேரத்தில், பையனைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சுகந்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

அவர்கள் சொன்ன கதை இதுதான். ஆமி, அதாவது ராணுவம், வீட்டுக்கு வந்தது. வீடு முழுக்கத் தேடியது. பையனைப் பிடித்து முழங்காலில் இருத்தி விசாரித்தது. மறுபடியும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனது.

இன்டர்வியூ நாள் காலையில் அவர்கள் இருவரையும் துங்காபியில் ஏற்றினேன். சுகந்தி பையனுக்குப் புது வெள்ளைச் சேர்ட் வாங்கிப் போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. வேன் பெரிய வீதிக்கு ஏறியதும் பின் சீட்டில் பாடம் தொடங்கியது.

“எத்தினை ஆமிக்காரர் வந்தவை?”

“ஆறு பேர்.”

“இரவோ பகலோ?”

“இரவு.”

“என்னெண்டு தெரியும்?”

“நாய் குலைச்சது பெரியம்மா.”

“பெரியம்மா எண்டு உள்ளுக்க சொல்லாதை. நான் அங்க இருக்கமாட்டன்.”

பையன் வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல ஒப்புவித்தான். எனக்கு அது புதிதாக இல்லை. பெரியவர்களே வேனில் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். உண்மையாக நடந்ததையும் பாடமாக்குவார்கள், பயத்தில் மறந்துவிடும் என்று. நானும் ஒரு காலத்தில் இன்டர்வியூ அறைக் கதிரையில் இருந்து பதில் சொன்னவன்தான். அதனால் நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பரமற்றா தாண்டும்போது பையன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். “அங்கிள், அங்க குசினி இருக்குமோ?”

ஏன் என்று கேட்டேன். பெரிய ஆட்கள் இருந்தால் தேத்தண்ணி போட வேண்டும் அல்லவா என்றான். அவர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள் என்று சொன்னேன். சுகந்தி சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன்.

3. வாசல்

அந்தக் கட்டடத்தில் வேறு மாடிகளில் நீதிமன்ற வேலைகளும் நடக்கும். அதனால் வாசலில் விமான நிலையத்தில்போலச் செக்கிங். பையை ஓடுகிற பட்டியில் வைக்க வேண்டும். வேனைப் பூட்டுகிற திறப்பு, போன், பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டுக் கதவுச் சட்டத்துக்குள்ளால் நடக்க வேண்டும். அங்கே நிற்கிற காவலாளி தொங்கா நாட்டுக்காரர். மலைபோல ஒரு மனிதர். என்னைக் கண்டால் “பொஸ்” என்றுதான் கூப்பிடுவார். என்னுடைய பெல்ட்டின் வளையம் பெரியது, ஒவ்வொரு முறையும் மணி அடிக்கும். எனவே நான் அவர் கேட்க முன்னரே கழற்றிவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். திறப்பைத் தட்டில் போட்டேன். பெல்ட்டைக் கழற்றி, இடது கையில் இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டு, போனை எடுக்க வலது கையைப் பொக்கற்றுக்குள் விட்டேன். திரும்பிப் பார்த்தபோது கஜன் சேர்ட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

காவலாளி சிரித்தார். “சேர்ட் வேண்டாம் தம்பி” என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஊரில் இருந்து வந்த பிள்ளை, எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் என்று நானும் சிரித்தேன். “டேய், அது பெல்ட் மட்டும்தான்” என்றார் சுகந்தி.

பையன் சேர்ட்டைக் கழற்றினான். அவசரப்படவில்லை. கையை உள்ளே மடித்து, கொலரை நேராக்கி, கடையில் மடித்து வைப்பதுபோல மடித்தான். பக்கத்தில் இருந்த கதிரையில் வைத்தான். பிறகு சுவருக்குப் போய், இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, கால்களை அகட்டி வைத்து, தலையைக் குனிந்து நின்றான்.

அவனுடைய முதுகு எங்களுக்கு நேராக இருந்தது.

காவலாளியின் சிரிப்பு நின்றது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி வாயைப் பொத்தினார். அந்த முதுகில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. மாட்டு வண்டி ஓட்டின ஊரில் வளர்ந்தவன் நான், மாட்டின் முதுகிலும் அப்படிக் கண்டதில்லை.

“தம்பி, உள்ளுக்க போவம்” என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டான்.

“எத்தினை, அங்கிள்?”

எனக்கு விளங்கவில்லை. எதைக் கேட்கிறான் என்று சுகந்தியைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். மடித்த பெல்ட் அதில் இருந்தது.

நான் அதைத் தட்டில் போட்டேன். போட்ட சத்தத்துக்கு அவனுடைய தோள் இரண்டும் ஒருமுறை உயர்ந்து இறங்கின.

“ஒண்டும் இல்லை, தம்பி. ஒண்டும் இல்லை. சேர்ட்டைப் போடு” என்றேன்.

சேர்ட்டைப் போட்டுக்கொண்டான். அழவில்லை. யாரோ மனம் மாறி அன்றைக்கு அடி இல்லை என்று விட்டதுபோல எடுத்துக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டு, கதவுச் சட்டத்துக்குள்ளால் நடந்து போனான். மணி அடிக்கவில்லை.

லிப்டுக்குக் காத்து நின்றபோது சுகந்தி எனக்குக் கிட்ட வந்தார். ஆர் இதைச் செய்தது என்று கேட்டேன். தேப்பன்தான் என்றார்.

“உள்ளுக்க இதைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ அண்ணை. அது வீட்டு விஷயம். கேஸ் வேற.”

4. அறை

அறையில் விசா அதிகாரி இருந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பக்கத்துக்காரர், ஜெயா என்று பெயர் சொன்னார். ஹெலன் ஒரு பக்கம், நான் பையனுக்குப் பக்கம். சுகந்தி சாட்சி சொல்ல வந்தவர் என்பதால் அவரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

“கண்ணா, ஆன்ட்டி பேசுறது புரியுதா?” என்று ஜெயா கேட்டார்.

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். “ஓம். நாடகத்தில கதைக்கிற மாதிரி இருக்கு.”

ஜெயாவும் சிரித்து அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியும் சிரித்தார். நல்லபடியாகத்தான் தொடங்கியது. பிறகு கதை வந்தது. ஆறு பேர் வந்தவை, இரவு, நாய் குலைத்தது. ஒரு சொல் பிசகவில்லை.

எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு முன் நான் பார்த்த முதுகு, வெள்ளைச் சேர்ட்டுக்குள் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அறையில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஹெலன் முன்னரே மேலே போயிருந்ததால் அவருக்குத் தெரியாது. பையனும் சொல்லப் போவதில்லை.

அதிகாரி பாடத்தில் இல்லாத கேள்விகளுக்கு வந்தார். ஆமி தேடும்போது அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டார். பையன் முழித்தான். படுத்திருந்தவர் என்றான். இவ்வளவு சத்தத்துக்கும் எழும்பவில்லையா என்று கேட்டார். இல்லை என்றான். ஆமி போன பிறகு நீ என்ன செய்தாய் என்று கேட்டார். படிச்சனான் என்றான். என்ன படித்தாய்? அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரி எழுதினார். எத்தனையோ அறைகளில் இருந்தவன் நான். அந்த எழுதுகிற விதம் எனக்குத் தெரியும். கதை கையை விட்டுப் போகும்போது அவர்கள் தலை நிமிராமல்தான் எழுதுவார்கள்.

இது நம்பப்படாவிட்டால் அவன் ஊருக்குப் போவான். ஊருக்குப் போனால் அந்தச் சுவருக்குப் போவான்.

பிள்ளை களைத்தால் மட்டும் சொல்ல வேண்டிய சொல் அது. பையன் களைக்கவில்லை, நேராகத்தான் இருந்தான். நான் சொன்னேன்.

“பிரேக்.”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பையனுக்குச் சுகமில்லையா என்று அதிகாரி கேட்டார். ஓம் என்றேன், பிறகு நோ என்றேன். “பிரேக், ப்ளீஸ்” என்றேன். அவர் மணியைப் பார்த்துவிட்டுப் பேனையை வைத்தார்.

5. நடைபாதை

பையனைப் பக்கத்து அறையில் இருத்திவிட்டு வெளியே வந்ததும் ஹெலன் என்ன என்று கேட்டார். என்னுடைய ஆங்கிலம் கடைச் சாமான் வாங்கவும் பெற்றோல் அடிக்கவும் போதும். இதற்குப் போதாது. நான் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினேன். ஹெலன் ஒரு அடி பின்னுக்குப் போய், டொய்லெட் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். நான் இல்லை இல்லை என்று தலையாட்டி, பெல்ட்டை மடித்துக் காட்டினேன். பையன் இருந்த அறையைக் காட்டினேன். என் சேர்ட் பொத்தானைத் தொட்டேன். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றேன். “ஃபாதர்” என்றேன். “ஒன்லி ஐ சீ.”

திரும்பிப் பார்த்தபோது ஹெலன் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

அவர் எழும்பி நேரே சுகந்தியிடம் போனார். எங்களுக்கிடையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஜெயா உள்ளே வேலை செய்கிறவர், வெளியே எங்களோடு பேச அவருக்கு அனுமதி கிடையாது. எனக்குத் தெரிந்த அளவுக்கு நான்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று ஹெலன் கேட்டார். சுகந்தி என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, ஆமி கதை பொய்யில்லை. என்ர மனுசனுக்கு நடந்தது. அதைச் சொல்லித்தான் எங்களுக்கு விசா தந்தவை. அது கேஸ். தேப்பன் பிள்ளைக்கு அடிக்கிறது ஒரு கேசோ? அதுக்கு எந்த நாடு விசா குடுக்கும்?”

அவர் சொன்னதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குக் காலையில் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அடியாத மாடு படியாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆமி, பொலிஸ், ஷெல், முகாம் இவையெல்லாம்தான் வெளியில் சொல்லக்கூடிய துன்பம். வீட்டுக்குள் விழுகிறதற்குத் துன்பம் என்று நாங்கள் பெயர் வைக்கவில்லை. அதனால் பெரியவருக்குத் தைத்த சேர்ட்டைச் சின்னவனுக்குப் போட்டு விடுவதுபோல, பெரியப்பாவுக்கு நடந்ததைப் பையனுக்குப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார். நல்ல மனதோடு செய்தார்.

நான் ஹெலனுக்குச் சொன்னேன். ஹெலன் சொன்னதை மெல்ல மெல்லச் சுகந்திக்குச் சொன்னேன். பிள்ளையை யார் அடிக்கிறார் என்பது மட்டும் இங்கே கேள்வி இல்லை. அந்த அடியில் இருந்து அவனைக் காப்பாற்ற அந்த நாட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதும் கேள்வி. இல்லை என்றால் இங்கே அதையும் ஒரு கேசாக எடுத்துக் கேட்பார்கள்.

சுகந்தி நம்பவில்லை. “ஊரில அடி வாங்காத பிள்ளை இருக்கோ? நீங்க வாங்கேல்லையோ அண்ணை?”

“வாங்கினனான்” என்றேன். “ஆனா ஒருநாளும் எத்தினை எண்டு கேட்டதில்லை.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். தங்கை சாகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொன்னதையும், பையன் பலமுறை வீட்டை விட்டு ஓடினதையும், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டு போய்த் தகப்பனிடமே விட்டதையும் சொன்னார். கல்யாணம் என்று சொல்லித்தான் தகப்பனிடம் கையெழுத்து வாங்கினாராம். சொந்தத் தங்கச்சியின் புருஷனைக் காட்டிக் கொடுத்தவள் என்று சனம் சொல்லும் என்றார். சொல்லும்தான்.

ஹெலன் ஒன்றை மட்டும் எங்களிடம் மறைக்காமல் சொன்னார். பாதியில் கதையை மாற்றுவது ஆபத்து. முதலாவது பொய் என்றால் இரண்டாவதும் பொய்தான் என்று அதிகாரி முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தால் பையனுக்கு இருக்கிற ஒரே வழியும் போய்விடும். ஆனால் முதலாவது கதை ஏற்கெனவே உடைந்துவிட்டது.

பையனை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று ஹெலன் சொன்னார். போனில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, தனி அறையில் அவனோடு பேசினார். சுகந்தி கதவு வரை போய், “நடந்ததைச் சொல்லு ராசா, பெரியம்மா கோவிக்கமாட்டன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

6. சுவருக்கு முன்னால்

மறுபடியும் உள்ளே போனோம். பையன் வேறு ஒன்று சொல்ல விரும்புகிறான் என்று ஹெலன் சொன்னார். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொல்லலாம், இங்கே யாரும் உன்னைத் தண்டிக்க மாட்டார்கள் என்றார். ஜெயா அதைத் தமிழில் சொன்னார்.

கஜன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டக் கூடாது. ஆட்டவில்லை. கைகளை மேசையின் மேல் அவனுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.

“ஆமி வந்தது பெரியப்பாவுக்கு” என்றான். “எனக்கு அப்பா.”

ஜெயா அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அவன் சொன்னதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பள்ளிக்கூட நேரசூசி சொல்வதுபோலச் சொன்னான். அப்பா குடித்துவிட்டு வருவார். பெல்ட்டைக் கழற்றினால் சேர்ட்டைக் கழற்ற வேண்டும். ஏன் என்று அதிகாரி கேட்டார். பள்ளிக்கூடச் சேர்ட் பழுதாகிவிடும் என்றான். ஒன்றுதான் இருந்ததாம். பிறகு எத்தனை என்று அவன் கேட்க வேண்டும். அப்பா எண்ணைச் சொல்லுவார். அவன்தான் எண்ண வேண்டும். எண்ணுவதில் பிழை விட்டால் முதலில் இருந்து.

அதிகாரி எழுதுவதை நிறுத்தியிருந்தார். இப்போது அவர் தலை நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் சொன்னானாம். அதிபர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா அதிபருக்கு நன்றி சொன்னார். அன்றிரவு எண்ணிக்கை கூடியது. ஒருமுறை பஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரரிடம் சொன்னானாம்.

“அவர் நல்லவர். மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு வந்து வீட்டில விட்டவர். பிள்ளை தகப்பனோடதான் இருக்கோணும் எண்டு சொன்னவர். அப்பாவும் அவரும் இருந்து கதைச்சவை.”

“நீ அப்போ என்ன பண்ணுன கண்ணா?” அதிகாரியின் கேள்வியை ஜெயா கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான்.”

காலையில் வேனில் நான் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் ஏன் ஆமி கதையைச் சொன்னாய் என்று அதிகாரி கடைசியில் கேட்டார். அதற்காகத்தான் ஹெலன் பயந்துகொண்டிருந்தார். பையன் யோசிக்கவே இல்லை.

“அடி கேஸ் இல்லையாம். கேஸ் எண்டா வெளி ஆக்கள் அடிக்கோணுமாம்.”

ஜெயா அதை மொழிபெயர்த்தார். அதிகாரி கலர் பென்சில் டப்பாவை எடுத்து, அது நேராக இருந்தும், இன்னொரு முறை நேராக வைத்தார். டாக்டரின் அறிக்கை வேண்டும், பிறகு முடிவு சொல்லுவோம் என்று சொல்லி முடித்தார்.

கீழே இறங்கி வந்தபோது அந்தக் காவலாளி இன்னும் வாசலில் நின்றார். என் பெல்ட்டை நான் மேலே ஹெலனுக்குக் காட்டிவிட்டுப் பைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அவர் பையனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கையை நீட்டினார். அவ்வளவு பெரிய கையைக் கஜன் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தன் கையை அதற்குள் வைத்தான்.

7. விசா வந்த நாள்

முடிவு வரப் பல மாதம் ஆனது. டாக்டர் பார்த்தார். பழைய எலும்பு முறிவு ஒன்று எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. அதுவும் ஒழுங்காகக் கட்டாமல் பொருந்தினது. ஊரில் இருந்த ஒரு ஆசிரியை, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தான் கண்டதைச் சொன்னார். ஹெலன் எல்லாவற்றையும் அனுப்பினார்.

விசா கிடைத்தது என்று ஹெலன் சொன்னதும், போனில் சொல்ல வேண்டாம், நேரே போவோம் என்று நான்தான் கேட்டேன். துங்காபி வீட்டில் சுகந்தி இரவு வேலைக்குப் போக முன் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அவர் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கும்பிட்டார். பையன் கொஞ்சம் உயர்ந்திருந்தான். பள்ளிக்கூட டீ சேர்ட் போட்டிருந்தான். இனித் திருப்பி அனுப்ப மாட்டார்களா என்று என்னிடம் கேட்டான். அனுப்ப மாட்டார்கள் என்றேன். அதற்கு அவன் கேட்டான்.

“அப்ப அப்பாவுக்கு ஆர் தேத்தண்ணி போடுறது?”

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவர் குசினிக்குள் போய்விட்டார். அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதிர்ச்சியாக இருந்தது என்று எழுதினால் அது சின்னச் சொல். வீட்டுக்கு வரும் வழியில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

8. புதிதாக வருபவர்களுக்கு

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சட்டம் எனக்குத் தெரியாது. பிள்ளை பாடமாக்கின கதைக்குள் வேறு கதை இருக்கும் என்று சொல்லவும் மாட்டேன். அனேகமாகச் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். பிள்ளையின் உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதையாவது கண்டால் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், பாஷை இல்லாவிட்டால் செய்து காட்டுங்கள். வெட்கம் பிறகு போகும். எனக்கு இன்னும் போகவில்லை, ஆனாலும் காட்டினேன்.

அந்த ஒரு சின்ன விஷயம் இதுதான். பெல்ட் கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

கஜனின் இன்டர்வியூவுக்கு அடுத்த நாளே நான் இடுப்பில் ரப்பர் வைத்த காற்சட்டை இரண்டு வாங்கினேன். எங்கள் அலுவலகத்தில் இப்போது இது ஒரு ஒழுங்கு. ஓட்டுநராக இருந்தாலும் சட்டத்தரணியாக இருந்தாலும், பிள்ளையோடு அந்த வாசலுக்குப் போகிறவர் பெல்ட் கட்டுவதில்லை. ஏன் என்று சிலருக்குத் தெரியாது. இனித் தெரியும்.

அந்தக் காவலாளி இன்னும் அங்கேதான் நிற்கிறார். நான் ஒரு பிள்ளையோடு வருவதைக் கண்டால் “பெல்ட், பொஸ்?” என்று கேட்பார், பதில் தெரிந்துகொண்டே. நான் சேர்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். திறப்பையும் போனையும் தட்டில் போடுவேன். பின்னால் நிற்கிற பிள்ளை என் கையைப் பார்க்கும்.

கையில் ஒன்றும் இல்லை.